பலூன் ஊதினால் ‘ர’ வருமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். எப்போதும் வாயைத் திறந்தபடியே இருக்கிறான். எச்சில் வடிந்து சட்டைக் காலர் நனைந்துவிடுகிறது. இரவில் குறட்டை விடுகிறான். கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டுதான் தூங்குகிறான். வாயை மூடினாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை; அந்த இடைவெளியில் நாக்கு வந்து நிற்கிறது. முறுக்கு, கரும்பு எல்லாம் கடித்துச் சாப்பிடுவான், சாப்பாட்டில் குறையில்லை. ஆனால் ‘மரம்’ என்பதை ‘மலம்’ என்கிறான். வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ‘பசி’, ‘காசு’ என்னும்போது நாக்கு வெளியே வருகிறது. வாய்த் தசைகள் பலவீனம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். விசில், பலூன் ஊதுவது, மெழுகுவத்தியை அணைப்பது, உதட்டைச் சுற்றித் தேன் தடவி நக்கச் செய்வது, ரப்பர் குழாயைக் கடிப்பது, அதிரும் பிரஷ்ஷால் கன்னத்தையும் நாக்கையும் தேய்ப்பது என நான்கு மாதமாகக் காலையும் மாலையும் செய்துவருகிறோம். விசில் நன்றாக ஊதுகிறான், பேச்சில் மாற்றமில்லை. நாக்கைத் தடுக்கக் கம்பி போடலாம் என்கிறார் பல் மருத்துவர். நாக்கின் அடியில் வெட்டிவிட்டால் போதும் என்கிறார் ஓர் உறவினர். மாமியார் வசம்பு உரைத்துத் தடவச் சொல்கிறார். பயிற்சியைத் தொடர்வதா, விடுவதா? எத்தனை நாளில் சரியாகும்?
— ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தையை நேரில் பார்க்காமல் எழுதும் பதில் இது, பரிசோதனைக்கு மாற்றாகாது. ஆனாலும் நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் செய்திகளே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. கரும்பைக் கடித்து மெல்லத் தாடைக்கு வலு வேண்டும். விசிலை நன்றாக ஊத உதடுகள் இறுக மூட வேண்டும். மேலுதட்டில் தடவிய தேனை நக்கியெடுக்க நாக்கின் நுனி மேலே எழும்ப வேண்டும். இவை மூன்றையும் செய்கிற குழந்தைக்கு வாய்த் தசைகள் பலவீனம் என்று சொல்வதற்கு உங்கள் கடிதத்தில் எனக்கு ஆதாரம் எதுவும் தென்படவில்லை.

அப்படியானால் வாய் ஏன் திறந்திருக்கிறது, எச்சில் ஏன் வடிகிறது, ‘ர’ ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். இவை ஒரே நோயின் மூன்று அடையாளங்கள் என்று எடுத்துக்கொண்டதுதான் இந்த நான்கு மாத உழைப்பு வீணானதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். வாய் திறந்திருப்பதற்கு மூக்கு காரணமாக இருக்கலாம். பற்கள் சேராததற்கு விரல் சூப்புவதும், நாக்கு ஓய்வாக இருக்கும் இடமும் காரணமாக இருக்கலாம். ‘ர’ வராதது பெரும்பாலும் கற்றல் தொடர்பானது. ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒரே பயிற்சிப் பட்டியல் மூன்றையும் தீர்க்காது.

முதலில் ஊதும் பயிற்சிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் ஊர்களில் பேச்சுப் பயிற்சி என்றாலே பலூனும் விசிலும்தான் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பேசும்போது உதடும் நாக்கும் தம்முடைய முழு வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்துகின்றன. பேச்சுக்கு வேண்டியது வேகமும் துல்லியமும். எந்தக் கணத்தில் எந்த இடத்தைத் தொட்டு எப்போது விலக வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கை மூளை பேசிப் பேசித்தான் பழகுகிறது. நாதஸ்வரம் கற்க வந்த பிள்ளையைத் தினமும் பலூன் ஊதச் சொன்னால் மூச்சு நீளலாம், ராகம் வராது. உங்கள் மகனுக்கு நடந்திருப்பதும் இதுதான்: விசில் ஊதப் பயிற்சி கொடுத்தீர்கள், விசில் நன்றாக ஊதுகிறான்.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமன்று. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, பேச்சொலிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பேச்சு கலவாத வாய்ப் பயிற்சிகள் பயன்படுகின்றனவா என்று ஆராய்ந்து 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தகுதியுடையவையாக அவர்களுக்குக் கிடைத்த ஆய்வுகள் மூன்றே, மூன்றும் சிறியவை. இப்பயிற்சிகளால் பேச்சு திருந்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆகவே இப்போது செய்துவரும் பட்டியலை நிறுத்திவிடலாம். நிறுத்துவதால் குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லை. குறிப்பாகத் தேனை விட்டுவிடுங்கள். நாள்தோறும் இருவேளை உதட்டிலும் பல்லிலும் ஒட்டும் இனிப்பு, புதிய பற்கள் முளைக்கும் வயதில் சொத்தையைத்தான் வரவழைக்கும். (ஒரு வயது நிறையாத தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது; பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரக்கூடும்.) ஊதாத பலூனை வாயில் வைக்கும் குழந்தை மூச்சை உள்ளிழுத்தால் அது தொண்டையை அடைத்துவிடும், எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் கையில் ரப்பர் பலூனைத் தனியே கொடுப்பது நல்லதல்ல. அதிரும் பிரஷ், கடிக்கும் குழாய் ஆகியவற்றுக்கு இனியும் பணம் செலவழிக்க வேண்டாம்.

இனி மூக்குக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை இரவில் குறட்டை விடுகிறது, பகலில் வாயால் மூச்சு விடுகிறது என்றால், மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி வழியை அடைத்திருக்கிறதா, ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். மூன்று முதல் ஏழு வயது வரை அடினாய்டு பெரிதாக இருக்கும் காலம். பிறகு மெல்லச் சுருங்கும். வழி அடைபட்ட குழந்தையிடம் ‘வாயை மூடு’ என்று நாள் முழுவதும் சொன்னால் அது எப்படி மூடும்? மூச்சு விட வேண்டுமே. வாய் திறந்திருந்தால் உதடு சேராது. உதடு சேராவிட்டால் நாக்கு கீழ்த்தாடையில் தாழ்ந்து கிடக்கும். அந்த நிலையில் எச்சிலை அடிக்கடி விழுங்குவது கடினம். எச்சில் வடியும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எச்சில் அதிகமாகச் சுரப்பதில்லை. சுரப்பது வழக்கமான அளவுதான், உரிய நேரத்தில் விழுங்கப்படுவதில்லை.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். குழந்தை அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது உதட்டை மூடச் சொல்லி, குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் வழவழப்பான பின்பக்கத்தை மூக்குத் துவாரங்களுக்குக் கீழே பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆவி படிகிறதா, ஒரு பக்கம் மட்டுமா, அல்லது சில மூச்சுகளுக்குள்ளேயே வாயைத் திறந்துவிடுகிறானா என்று கவனியுங்கள். இரவில் அவன் தூங்கும்போது ஐந்து நிமிடம் செல்பேசியில் ஒலியுடன் காணொளி எடுத்துவையுங்கள். கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குகிறானா, குறட்டை நடுவில் நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், பிறகு திணறலுடன் தொடங்குகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு நீங்கள் வாயால் விளக்குவதைவிட அந்தக் காணொளி பெரிதும் உதவும். மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அடினாய்டு என்றவுடன் அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டாம். பல குழந்தைகளுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் அடுத்த முடிவுக்குப் போவார். இரவில் வாயில் பிளாஸ்திரி ஒட்டித் தூங்கவைக்கும் வழக்கம் ஒன்று இப்போது காணொளிகளில் பரவிவருகிறது. மூக்கடைப்புள்ள குழந்தைக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள், அது ஆபத்து.

அதே மருத்துவரிடம் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். அடினாய்டு இருக்கும் இடத்துக்கு அருகில்தான் நடுக்காதுக்குப் போகும் குழாயின் வாய் இருக்கிறது. அது அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வராது, கேட்கும் திறன் மட்டும் சற்று மங்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகள் அவனுக்குத் தெளிவாக விழாமல் போகலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு ஆடியோகிராம் எடுப்பது எளிது; ஹெட்போனில் ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அதோடு டிம்பனோமெட்ரி என்ற சில நொடிச் சோதனையும் சேர்ந்தால் நடுக்காதில் நீர் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கேட்கும் திறனைச் சோதிக்காமல் பேச்சுப் பயிற்சி தொடங்கும் எந்த மையத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பற்கள். தூக்கத்தில் மணிக்கணக்கில் கட்டைவிரல் வாயில் இருந்தால் முன்பற்கள் சேர்வதற்கு இடமேது? பல்லை நகர்த்துவது விசையின் அளவைவிட அது நீடிக்கும் நேரம்தான். இதை 1978-இல் அமெரிக்கப் பல் சீரமைப்பு அறிஞர் வில்லியம் புரோஃபிட் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒரு முறை விழுங்குவது ஒரு நொடி வேலை. நாள் முழுவதும் விழுங்குவதைக் கூட்டினாலும் சில நிமிடங்களே தேறும். அந்தச் சில நிமிட உந்துதலைவிட, ஓய்வு நேரத்தில் நாக்கும் விரலும் மணிக்கணக்கில் எங்கே தங்குகின்றன என்பதே பல்வரிசையின் வடிவத்தை முடிவு செய்கிறது. எனவே முதலில் விரல் போக வேண்டும். விரலில் மிளகாயோ வேப்பெண்ணெயோ தடவி அழவைக்க வேண்டாம். தூக்கத்தில் கண்ணில் படும் மிளகாய் வேறு தொல்லை. ஆறு வயதில் காரணம் சொன்னால் புரியும். கண்ணாடியில் அவன் பல் இடைவெளியை அவனுக்கே காட்டி, அவன் சம்மதத்தோடு இரவில் கையில் மெல்லிய பருத்திக் காலுறையை மாட்டிவிடுங்கள்; சூப்பாத இரவுக்கு நாட்காட்டியில் அவனே ஒரு குறி போடட்டும். தவறிய இரவுக்குத் திட்டு வேண்டாம். மூக்கு திறந்து தூக்கம் நன்றானால் விரலின் தேவையும் பல குழந்தைகளுக்குக் குறைந்துவிடுகிறது.

பல் மருத்துவர் சொன்ன கம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். உரிய நேரத்தில் அது பயனுள்ள கருவி. ஆனால் உங்கள் மகனுக்குப் பால் முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் பருவம் இப்போதுதான் தொடங்குகிறது. விரல் பழக்கம் நின்றபின் இந்தப் பருவத்தில் இடைவெளி தானாகவே குறைவதும் உண்டு. மூக்கு, விரல் இரண்டையும் சரிசெய்துவிட்டுச் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்று அவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

வாய்த் தசைப் பயிற்சியால் பலனே இல்லையா என்று இப்போது உங்களுக்குத் தோன்றலாம். உண்டு, ஆனால் அதன் இடம் வேறு. முகத் தசைகளைப் பயிற்றிப் பல்வரிசையைச் செம்மைப்படுத்தலாம் என்ற கருத்தை 1918-இலேயே ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் எழுதினார். அந்த வழியில் வளர்ந்த பயிற்சியின் நோக்கம் தசையை முறுக்கேற்றுவதன்று. நாக்கு ஓய்வில் எங்கே இருக்க வேண்டும், விழுங்கும்போது எப்படி நகர வேண்டும் என்ற பழக்கத்தை மாற்றுவது. மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், நாக்கால் தடவினால் வரிவரியாகத் தட்டுப்படும் ஒரு மேடு இருக்கிறது. நாக்கின் நுனி அங்கே தங்க வேண்டும். பல்லைத் தொடக் கூடாது. உதடுகள் சேர்ந்திருக்க வேண்டும், பற்கள் மயிரிழை அளவு விலகியிருக்க வேண்டும், மூச்சு மூக்கால் போய்வர வேண்டும். இதுதான் ஓய்வு நிலை.

பயிற்சியாளர் முதலில் ஐஸ்கிரீம் குச்சியால் அந்த மேட்டைத் தொட்டுக் காட்டி, குழந்தையின் நாக்கு நுனியை அங்கே வைக்கச் சொல்வார். பிறகு நாக்கு முழுவதையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டவைத்து ‘டொக்’ என்று குதிரைக் குளம்புச் சத்தத்தோடு விடுவிக்கப் பழக்குவார். அது வந்தபின், ஒட்டிய நாக்கை விடாமல் வாயை மட்டும் மெல்லத் திறந்து பத்து எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு மிடறு தண்ணீர்: கண்ணாடி முன் நின்று, கடைவாய்ப் பற்களைச் சேர்த்து, உதடுகளைச் சற்று விரித்து, நாக்கு நுனியை மேட்டில் அழுத்தியபடி விழுங்க வேண்டும். பற்களுக்கிடையே நாக்கு எட்டிப் பார்த்தால் குழந்தைக்கே தெரியும். தண்ணீர் வெளியே வழிந்து சிரிப்பும் வரும். தண்ணீர் பழகியபின் இட்லித் துண்டு, வாழைப்பழம் என்று வளரும். கடைசிக் கட்டம்தான் கடினம்: பயிற்சி நேரத்தில் செய்ததை மற்ற நேரத்திலும் தன்னை அறியாமல் செய்ய வேண்டும். சரியாகச் செய்ய ஓரிரு மாதத்தில் பழகிவிடும் குழந்தைகள்கூடப் பழக்கமாக்கிக்கொள்ள மேலும் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பெற்றோர் கைவிடுவதும் அந்தக் கட்டத்தில்தான்.

இதை உங்கள் மகனுக்கு இன்றே தொடங்கச் சொல்ல மாட்டேன். நாக்கை முன்தள்ளி விழுங்குவது சிறு குழந்தைகளுக்கு இயல்பு. வளரும்போது பலருக்குத் தானே மாறுகிறது. விழுங்கும் முறையை மாற்றும் பயிற்சிக்குப் பொறுமையும் தன் வாயைத் தானே கவனிக்கும் திறனும் வேண்டும். பெரும்பாலும் ஏழு, எட்டு வயதுக்குமேல்தான் அது கைகூடும். மூக்கு அடைத்திருக்கும் வரை எந்த வயதிலும் அது பலிக்காது. இப்போதைக்கு மூக்கு சரியானபின் உதட்டைச் சேர்த்து வைக்கும் பழக்கம் ஒன்றே போதும். வீட்டுப்பாடம் எழுதும்போதோ படம் வரையும்போதோ ஒரு சிறு காகிதத் துண்டை உதடுகளுக்கிடையே, பல்லால் கடிக்காமல், பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; இரண்டு நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

நாக்கின் அடியில் வெட்டுவது பற்றி: உங்கள் மகனுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை. அடிநாக்கு இழை குட்டையாக ஒட்டியிருந்தால், நாக்கை நீட்டும்போது நுனி நடுவில் பிளந்ததுபோல் உள்வாங்கும். வாயை இரண்டு விரல் அகலம் திறந்தபடி நுனியை மேல்பற்களுக்குப் பின்னால் கொண்டுபோக முடியாது. உங்கள் மகன் மேலுதட்டுத் தேனை நக்குகிறான். அதைவிட முக்கியமாக, ‘மரம்’ என்பதை ‘மலம்’ என்கிறான். ‘ல’ சொல்ல நாக்கு நுனி மேலெழும்பி அந்த மேட்டைத் தொட்டே ஆக வேண்டும். எழும்பாத நாக்கால் ‘ல’ வராது. நேரில் பார்ப்பவர் வேறு கருத்துச் சொன்னால் கேளுங்கள்; ஆனால் பேச்சுத் தெளிவுக்கென்று மட்டும் வெட்டுவதற்கு முன் ஒரு பேச்சு சிகிச்சையாளரின் மதிப்பீடு கட்டாயம் வேண்டும்.

வசம்பும் வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த பொருள்தான், மாமியார் சொல்வதில் அக்கறை இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் 1968-இலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நாக்கில் தடவுவதால் ‘ர’ வரும் என்பதற்கும் வழியில்லை. அவருடைய அன்பைப் பேரனுக்குக் கதை சொல்வதில் காட்டச் சொல்லுங்கள். கீழே எழுதுவதைப் படித்தால் அவருக்கும் ஒரு பங்கு இருப்பது தெரியும்.

இப்போது ‘ர’. ‘ல’ சொல்லும்போது நுனி மேட்டில் ஒட்டி நிற்கிறது, காற்று இருபக்கமும் வழிகிறது. ‘ர’ சொல்லும்போது நுனி அதே பகுதியை ஒரே தட்டாகத் தட்டிவிட்டு உடனே கீழே விழுகிறது. ஆக, உங்கள் மகன் ஏறக்குறைய சரியான இடத்துக்கே போகிறான், அங்கே தங்கிவிடுகிறான். இதற்கு வலு சேர்க்க வேண்டியதில்லை. தட்டிவிட்டு விலகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், இரண்டும் வேறு வேறு ஒலிகள் என்பது அவன் காதுக்குப் பிடிபட வேண்டும். இலை, இரை; வலை, வரை; கலை, கரை; மலை, மரை. இவற்றில் படம் வரையக்கூடியவற்றை அட்டையில் வரைந்து முன்னால் வைத்து, நீங்கள் ஒன்றைச் சொல்ல அவன் சரியான அட்டையை எடுக்கட்டும். பத்துக்கு ஒன்பது முறை சரியாக எடுக்கும் வரை அவனைச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பிறகு பாட்டி குறும்பாகத் தவறாகச் சொல்லட்டும்: கறையானைக் காட்டி ‘கலையான்’ என்று. அவன் திருத்தட்டும். தன் பிழையைத் திருத்திக்கொள்வதற்கு முன் பிறர் பிழையைப் பிடிக்கும் இந்த விளையாட்டு குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஒலியை வரவழைக்கும் வேலையைப் பேச்சு சிகிச்சையாளரிடம் விடுங்கள். அவர் தனி ஒலி, ‘அரா’, ‘இரி’ போன்ற அசைகள், சொற்கள், தொடர்கள், கதை என்று படிப்படியாகக் கொண்டுபோவார். ஒரு அமர்வு சரியாக நடக்கிறதா என்று அறிய நான் பெற்றோருக்குச் சொல்வது ஒன்றுதான்: அந்த அரைமணி நேரத்தில் குழந்தை அந்த ஒலியை எத்தனை முறை சொன்னது என்று எண்ணுங்கள். ஐம்பது முறையாவது இருக்க வேண்டும். நூறு என்றால் நன்று. பதினைந்து நிமிடம் ஊதி, பத்து நிமிடம் மசாஜ் செய்து, ஐந்து நிமிடம் பேசினால் அது பேச்சுப் பயிற்சி அன்று.

‘ச’-வுக்கு அவசரமில்லை. முன்பற்கள் விழுந்து முளைக்கும் காலத்தில் நாக்கு அந்தச் சந்தில் எட்டிப் பார்ப்பது பல குழந்தைகளிடம் காணப்படுவதுதான். காசு – காது, ஊசி – ஊதி, பாசி – பாதி என்ற இணைகளைக் கேட்டுப் பிரித்தறிகிறானா என்று மட்டும் இப்போது பாருங்கள். ‘ர’-வால் வகுப்பில் கேலிக்கு ஆளாகிறான் என்பதால் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எழுதியபின் இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். தசைகள் உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள்: மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், சில தசை நோய்கள். அவர்களுக்குத் தாடையைத் தாங்கிப் பிடிப்பது, உட்காரும் நிலையைச் சரிசெய்வது, உணவின் பதத்தை மாற்றுவது, பாதுகாப்பாக விழுங்கப் பழக்குவது என்று நீண்ட, தனிப்பட்ட சிகிச்சை தேவைப்படுகிறது. சிலருக்கு எச்சிலைக் குறைக்க மருந்தும் தேவைப்படும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரை ஏறுவது, சாப்பிட்டபின் குரல் ஈரமாக ஒலிப்பது, கன்னத்தில் சோறு தேங்குவது, ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் அரைமணிக்குமேல் இழுப்பது, ஒன்றிரண்டு ஒலிகள் அல்லாமல் பேச்சு முழுவதும் குழறுவது, மூக்கால் பேசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஒரு கேள்வி மட்டும்: இரவில் எச்சில் வடியும்போது முகத்தின் ஒரு பக்கம் வெட்டி இழுப்பதை யாராவது பார்த்ததுண்டா? அல்லது வலிப்புக்கோ வேறு எதற்கோ மருந்து சாப்பிடுகிறானா? இந்த வயதில் தூக்கத்தில் வரும் ஒருவகை வலிப்பு இப்படித் தோன்றும். சில வலிப்பு மருந்துகளும் எச்சிலைக் கூட்டும். ஆம் என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சலோடு எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் போனால் அது அவசரம். நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கே போவது என்பதற்கு: மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கும், பள்ளிக் குழந்தைகளுக்கு அங்கே கட்டணமின்றி மதிப்பீடு செய்வார்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவும் அதே வளாகத்தில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். சென்னைக்கு வர வாய்ப்பிருந்தால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும், மைசூருக்குப் போக முடிந்தால் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் இந்தத் துறை சிறப்பாக இயங்குகிறது. தனியார் மையம் என்றால், பயிற்சி தருபவர் பேச்சு, செவித்திறன் துறையில் பட்டம் பெற்றவரா, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வைத்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம்.

எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும் திறனில் குறையில்லை என்றால், வாரம் இரண்டு அமர்வும் வீட்டில் தினம் பத்து நிமிடமும் செய்யும் குழந்தைக்கு ‘ர’ சொற்களில் வரச் சில மாதம், பேச்சில் தானாக வர அதற்குமேலும் ஆகும். மூக்கும் பல்லும் அவரவர் மருத்துவர் சொல்லும் வேகத்தில் நகரும். தேதி குறித்து உறுதி தருபவரை நம்பாதீர்கள்.

பள்ளியில் ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, சில மாதங்களுக்கு அவனைத் தனியே எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்றும், எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாட்டில் அவனையும் சேர்த்துக்கொள்ளும்படியும் கேளுங்கள். வீட்டில் அவன் ‘மலம்’ என்று சொன்னால், ‘ஆமாம், பெரிய மரம்’ என்று சரியான சொல்லை உங்கள் பதிலில் வைத்துச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். திரும்பச் சொல்லச் சொல்வது பயிற்சி நேரமான அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இருக்கட்டும்.